ஏழெட்டு முனை நட்சத்திரம்

மருத்துவமனை வார்டில் ஒருவர் உட்கார்ந்து விடுமுறை அலங்காரத்துக்குக் காகித நட்சத்திரம் மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல் மாஸ்டருக்குப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“தம்பி, நட்சத்திரத்துக்கு அஞ்சு முனைதானே? உங்களதுல ஏழெட்டு இருக்கு. மடிப்பும் கோணல். முப்பது வருஷமா துணியோட மாரடிக்கிறவன் சொல்றேன், உங்களுக்குக் கைவேலை சரிப்பட்டு வராது.”

“அப்படிங்களா மாஸ்டர்?” என்று சிரித்துவிட்டு அவர் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்.

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போற டாக்டரே அவர்தாங்க.”

“காகிதமே அவர் கைக்கு அடங்கலை. வாடி, வீட்டுக்குப் போயிடலாம்” என்று மாஸ்டர் மனைவியிடம் கெஞ்சினார். அவள் மசியவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், டாக்டரே வந்து மாஸ்டரின் கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தார். மாஸ்டர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே தொங்கிய நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் கச்சிதமாக ஐந்து முனை. மடிப்பு, இஸ்திரி போட்டது போல இருந்தது.

“எல்லாத்தையும் திரும்ப மடிச்சீங்களா டாக்டர்?”

“இல்லையே மாஸ்டர். அன்னைக்கு நீங்க பார்த்த அதேதான்.”

டாக்டர் போனதும் மாஸ்டர் மனைவியை அருகே கூப்பிட்டார்.

“ஆறு மாசமா நான் தைச்சுக் கொடுத்த சட்டையெல்லாம் இப்பதான் ஞாபகம் வருது. யாராவது தேடி வந்தா நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு.”

“ரெண்டு மாசமா அதைத்தாங்க சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றாள் அவள்.