நல்ல நாளுக்கு வைத்த ஷூ

வேதாசலம் ஒரே நாளில், ஒரே கடையில் ஷூவும் செருப்பும் வாங்கினார். செருப்பை அன்றே மாட்டிக்கொண்டார். ஷூவை மட்டும் நல்ல நாளுக்கு ஆகும் என்று பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டார்.

வருஷங்கள் ஓடின. தூசி தட்டப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், கீழே கிடக்கும் செருப்பைப் பார்த்து ஷூவுக்கு மனசு கேட்காது.

"உடம்பைப் பாத்துக்கக் கூடாதா பெரியவரே? இப்படித் தேஞ்சு போயிட்டீங்களே."

"நமக்கு ஒரே வயசுதான்பா," என்றது செருப்பு. "காலையில பார்க்கு, சாயங்காலம் மார்க்கெட்டு. தேயாம எப்படி?"

பேத்தியின் கல்யாண வரவேற்புக்கு ஷூ பளபளவென்று கிளம்பியது. காரிலிருந்து இறங்கி நாலடி வைப்பதற்குள், இத்தனை வருஷம் பெட்டியிலேயே கிடந்து இற்றுப்போன அதன் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஒரு நாள்கூட நடக்காத நமக்கா இந்தக் கதி என்று அது திகைத்துப்போனது. வேதாசலம் அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அங்கே போட்டு வந்திருந்த அந்தப் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்.

வெகுநேரம் கழித்துச் செருப்பு திரும்பி வந்தது. வாரில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

"உள்ளே எப்படி இருந்துச்சு?" என்று ஷூ மெதுவாகக் கேட்டது.

"பேத்தி தாத்தாவை ஆட இழுத்துட்டா, விடவே இல்ல. உடம்பெல்லாம் வலிக்குதுப்பா," என்றது செருப்பு. சொல்லி முடிப்பதற்குள் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.