மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆகாது

"மெதுவா அத்தை! ஓடாதீங்க!"

யார் கேட்டது? மாமியார் அதற்குள் மூன்றாவது ஸ்டாலில் நின்றார்.

"இவர்தான் எங்க மாப்பிள்ளை. கோதுமை வாசம் பட்டாலே இவருக்கு ஆகாது!"

ஸ்டாலில் இருந்தவர்கள் 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் மாப்பிள்ளை, முகத்தை நோயாளி மாதிரி வைத்துக்கொண்டான்.

வேறு வழி? ஞாயிறு தவறாமல் மாமியார் செய்துவந்த கேக்கை வெட்ட அவனுடைய டூல்ஸ் பெட்டியே வேண்டியிருந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் எட்டு மாதத்துக்கு முன்னால், "எனக்குக் கோதுமை அலர்ஜி" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

வீட்டோடு மாப்பிள்ளை ஆயிற்றே! மாமனார் அன்றைக்கே மாவு டின், பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு நாடு கடத்தினார். மச்சான்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

இன்றைக்கு என்னடாவென்றால், அலர்ஜிக்காரர்களுக்கென்றே நடக்கும் கண்காட்சிக்கு மாமியார் அவனை இழுத்து வந்துவிட்டார்.

ஒரு பெண் மைக்கை அவன் வாயருகே நீட்டினாள். "உங்க அனுபவம் சார்?"

"அது... பெரிய போராட்டங்க."

கைதட்டல். மாமியார்தான் பலமாகத் தட்டினார்.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க! அரிசி மாவு கேக்காம்!"

எதற்குப் பயந்து ஓடினானோ அதுவே எதிரில் வந்து நின்றது. கண்ணை மூடி விழுங்கினான். அட, பஞ்சு மாதிரி இருந்தது!

மாமியார் ஒன்று எடுத்தார். இன்னொன்று. அடுத்த ஸ்டாலில் பிஸ்கட், அதற்கடுத்ததில் நூடுல்ஸ். யாரோ கொடுத்த பலூன் வேறு கையில்.

'மாப்பிள்ளை பேரைச் சொல்லி அத்தை வெளுத்துக் கட்டுறாங்களே!' அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் ஆலோசனை மேஜை. டயட்டீஷியன் பெண் படிவத்தை எடுத்தாள்.

"சொல்லுங்க சார், கோதுமை சாப்பிட்டா என்ன பண்ணும்?"

வியர்த்தது. "அது வந்து... தும்மல்... முழங்கால் வலி..."

பேனா நின்றது. "முழங்காலா?"

"வயிறு கல்லு மாதிரி ஆயிடும்மா," மாமியார் குறுக்கே புகுந்தார். "வாயெல்லாம் புண்ணு. மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டும். முடி கொத்துக் கொத்தாக் கொட்டும்."

டயட்டீஷியன் அவனுடைய அடர்த்தியான தலையைப் பார்த்தாள். "எத்தனை வருஷமா?"

"பன்னிரண்டு. டாக்டர் அப்பவே கோதுமையை விடச் சொல்லிட்டார்."

"இவரையா?"

"இவருக்கு ஒண்ணும் இல்லம்மா. போன மாசம் பேக்கரி வாசல்ல நின்னு, பன்னை முழுசா வாயில அமுக்கிட்டிருந்தார். பஸ்ல இருந்து பார்த்தேன். எனக்குத்தான் ஆகாது."

மாப்பிள்ளைக்குக் காது வரை சூடேறியது. "அத்தை... உங்களுக்கு ஆகாதுன்னு ஏன் வீட்டுல சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னேனே! 'உன் ஒருத்திக்காக வீடே மாறணுமா'ன்னு கேட்டாங்க."

பலூனை மேஜைக் காலில் கட்டிவிட்டு, மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொய்யை மட்டும் விட்டுடாதீங்க மாப்பிள்ளை. எட்டு மாசமாத்தான் நான் வயிறாரச் சாப்பிடறேன்."