பீட்சாவில் மேலிடம் யாருக்கு?

ஆழமான இரும்புத் தட்டில் மாவை விளிம்பு வரை ஏற்றி அமுக்கிய பீட்சா மாஸ்டர் ஞானதுரை, முதலில் சீஸைப் போட்டார். அதன் மேல் தக்காளி மசியலை ஊற்றினார்.

சீஸுக்கு வந்ததே கோபம்! "எந்தக் கடையிலும் நான்தான் மேலே இருப்பேன். என்னைப் போய் அடியில போட்டுட்டாரே!"

"ஆழத் தட்டு பீட்சாவுக்கு இதுதான் முறை," என்றது மசியல். "நாற்பது நிமிஷம் வேகணும். மேலே இருந்தா நீ கருகிடுவே. கொஞ்சம் தள்ளிப் படு."

அடுப்புக்குள் மசியல் தளதளவென்று கொதித்தது.

"என்ன, சுடுதா?" என்றது சீஸ்.

"எனக்கா? சேச்சே, சும்மா வெயில் காயறேன்."

வெந்த பீட்சா மேஜைக்கு வந்தது. மாஸ்டர் ஒரு துண்டை வெட்டித் தூக்கியதும் சீஸ் கயிறு மாதிரி நீண்டது. சாப்பிட வந்த குடும்பமே "ஆகா!" என்றது.

"கேட்டியா? அந்த ஆகா யாருக்கு?" என்றது சீஸ்.

"துண்டோட தலையில உட்கார்ந்திருக்கிறது யாரு? முதல்ல அதைச் சொல்லு," என்றது மசியல்.

அப்போது குடும்பத் தலைவர் கேட்டார்: "மாஸ்டர், கெட்சப் இருக்கா?"

ஞானதுரையின் முகம் சுருங்கியது. ஆனாலும் பாட்டில் வந்தது. அடுப்புப் பக்கமே போகாத கெட்சப், ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்து, துண்டு முழுக்க ஜில்லென்று பரவிப் படுத்துக்கொண்டு கேட்டது:

"கீழே யாருப்பா சத்தம்?"