நீல மூடி

சுங்கை செம்பிலாங் கடலில் அப்பாவின் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். பத்தாங் காலியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஈரத் துண்டை உதறியபோது ஒரு சங்கு நண்டு விழுந்தது.

"அங்கேருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதுடி," என்றார் அம்மா. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் மணலும் உப்புத் தண்ணீரும் தேங்காய்ச் சில்லும் வைத்தது அவர்தான்.

அப்பாவுக்கு இருபது வருஷமாக இழுப்பு. இன்ஹேலர் மூடியைப் பல்லால் கடித்துத்தான் கழற்றுவார். மின்சுடலைக்குக் கொண்டுபோகும் முன் அந்த இன்ஹேலரை மூடியோடு பெட்டிக்குள் வைத்தேன்.

"எதுக்குடி? அங்க போயாச்சும் நல்லா மூச்சு விடுவாருலா," என்றார் அம்மா. எல்லாம் சேர்ந்து எரிந்தது.

நண்டு வளர்ந்தால் மாறிக்கொள்ளட்டும் என்று இரண்டு பெரிய சங்குகளைப் பேசினில் போட்டேன். மூன்றாம் நாள் காலை அவை அப்படியே கிடந்தன. பழைய சங்கும் காலியாக இருந்தது.

"ஓடிப்போச்சு போலம்மா," என்றேன்.

அம்மா தேங்காய்ச் சில்லைத் தூக்கினார். அடியில் நண்டு ஒரு நீல மூடிக்குள் ஒடுங்கியிருந்தது. மூடியின் ஓரமெல்லாம் பல் தடம்.

அம்மா குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"இன்னும் இழுக்குதுடி," என்றார்.