முதலில் பேசினவர் தோற்றவர்

கொத்தனார் யாரையும் வழி கேட்கவில்லை. எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்த அந்தக் குடியிருப்பில் மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கூடத்துக்கும் சின்ன அறைக்கும் நடுவே இருந்த சுவரில் சரியாகக் கையை வைத்தார்.

"இதுதானே சார் எடுக்கணும்? அம்மா போன்லயே தெளிவா சொல்லிட்டாங்க."

கடிகாரக்காரருக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை கேட்காமல் பெண்டாட்டி ஆளையே வரவழைத்துவிட்டாளா!

அந்தச் சின்ன அறைதான் அவருடைய பட்டறை. ஊரில் ஓடாமல் நின்றுபோன கடிகாரமெல்லாம் அங்கேதான் வந்து படுத்துக் கிடக்கும். மனைவிக்குத் தையல் வேலை. துணி வெட்டும் மேசை போடக் கூடத்தில் இடமில்லை, சுவரை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் தாராளமாக உட்காரலாம் என்று அவள் சொன்னாள். "உன் நூல் தூசியெல்லாம் என் கடிகாரத்துக்குள்ள போகவா?" என்று அவர் எகிறிக் குதித்தார். அதோடு மூன்று நாளாகப் பேச்சில்லை.

அந்த வீட்டில் சண்டைக்கென்று ஒரு சட்டம் உண்டு. முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். தோற்றவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் ஒருதடவைகூட முதலில் பேசியதில்லை. இப்போது அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்பவளிடம் போய் "நீயா கூப்பிட்ட?" என்று கேட்டால், சுவரும் போச்சு, மானமும் போச்சு.

"நாயைக் கட்டிப் போட்டாச்சா சார்?" கொத்தனார் கதவுக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தார். "சும்மா குரைக்கும், கடிக்காதுன்னு அம்மா சொன்னாங்க. இருந்தாலும் எனக்கு நாய்னா ஆகாது."

அந்த வீட்டில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. மூன்று நாளைக்கு முன்னால் அங்கே குரைத்த ஒரே ஜீவன் அவர்தான். வேலைக்கு வந்த ஆளிடமா இப்படி மானத்தை வாங்குவாள்!

"இன்னைக்குக் குரைக்காது" என்றார் விறைப்பாக.

கொத்தனார் நிம்மதியாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெறும் தடுப்புச் சுவர்தான் சார். மேல் பாரம் எதுவும் இது மேல இல்ல. இடிக்கலாமா?"

'வேண்டாம், போய்யா' என்று சொல்லத்தான் கடிகாரக்காரர் வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். கொத்தனாரைப் பார்த்தாள், சம்மட்டியைப் பார்த்தாள், புருஷனை மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் விரித்திருந்த துணியையும் கத்தரிக்கோலையும் வாரிக்கொண்டாள். எழும்போது சுவரில் ஒரு கையை ஊன்றி, முழங்காலை அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் நிமிர முடிந்தது.

நாலு வருஷமாகத் தரையில் மண்டியிட்டுத்தான் வெட்டுகிறாள். அது அவருக்குத் தெரியாததில்லை. நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். நடுவில்தான் சுவர் இருந்ததே.

"இடிங்க" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் போய்ப் படுக்கையறைக் கட்டிலில் அடுக்கிப் போர்வையால் மூடினார். அவள் துணி மூட்டையோடு நின்ற இடத்திலேயே நின்று, கண்ணை அகல விரித்து அதைப் பார்த்தாள்.

சம்மட்டி விழுந்தது. அரைமணி நேரத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி திறந்துகொண்டது. புழுதி அடங்கியபோது, அந்தப் பக்கம் தட்டில் மூன்று தம்ளர் டீயோடு அவள் நின்றிருந்தாள்.

"ஏங்க, தலையில துண்டைக் கட்டிக்கிட்டா என்ன? இருக்கிற நரை போதாதுன்னு சுண்ணாம்பு வேறயா?"

கடிகாரக்காரருக்குக் காதை நம்ப முடியவில்லை. சுவரை எடுத்து ஜெயித்தவள், பேச்சில் எதற்காகத் தோற்கிறாள்?

"நீதான் முதல்ல பேசின" என்றார் மெல்ல.

"பேசினா பேசினதுதான். தோத்துட்டே போறேன், இப்ப என்ன?" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இப்படி இறங்கி வருவீங்கன்னு கனவுலகூட நினைக்கலங்க."

"எல்லாம் நீ குடுத்த தைரியம்தான்" என்று சிரித்தார்.

"உங்க கடிகாரத்துல தூசி விழுமே?"

"கண்ணாடி மூடி போட்டுக்கிறேன். நீ ஜன்னல் பக்கமா மேசையைப் போட்டுக்கோ, ஊசி கோக்க வெளிச்சம் வேணும்ல."

"பாதி மேசை உங்களுக்கு."

"பாதியா? கால்வாசி குடு போதும். மிச்சத்துலதான் உன் கோபத்தை வைக்கணுமே."

"ஆமா, உங்க கோபத்துக்கு இந்த வீடே பத்தாது!"

கொத்தனாருக்கே வெட்கம் வந்து, சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது அவர் சட்டைப் பையில் போன் அலறியது. புழுதிக் கையை இடுப்பில் துடைத்துவிட்டு எடுத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றவரின் முகம் கேட்கக் கேட்கக் கோணியது. போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவளைப் பார்த்தார். மறுபடி போனைக் காதில் வைத்தார்.

"பாதிச் சுவரை இடிச்சே போட்டுட்டேன், இன்னும் வரவே இல்லைங்கிறீங்களேம்மா!"