நூறு கிராம்

கதிரேசன் கடைப் படியில் கால் வைத்தபோதே அன்புச்செல்விக்குப் புரிந்துவிட்டது, நேற்று அவனுக்குக் காபி கிடைக்கவில்லை என்று. கண்ணுக்குக் கீழே கருப்பு, சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தானைக்கூட ஒன்று மாற்றிப் போட்டிருந்தான்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி இருந்தது கோதண்டபாணியின் காபிப்பொடிக் கடை. கல்லாவில் அவர், அரைக்கும் மெஷினில் அன்புச்செல்வி. தினமும் காலையில் ஆபீஸ் போகிற வழியில் கதிரேசன் வந்து நூறு கிராம் வாங்கிப் போவான். லஸ் பக்கம் ஒரு கட்டட கம்பெனியில் பிளான் வரைகிற வேலை. ஒண்டிக்கட்டை, ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இதெல்லாம் கொட்டை அரைபடும் நேரத்தில், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவனே சொன்னவை.

முதலில் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு கவலை வந்தது. ஒரு குடும்பமே வைத்து வைத்துக் குடிக்கிற பொடியை ஒருத்தன் தினம் தீர்த்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

முந்தின நாள், அக்கா மகனுக்குக் காது குத்து என்று அவள் லீவு போட்டிருந்தாள். கோதண்டபாணிதான் மெஷினையும் பார்த்துக்கொண்டார்.

"உன் நூறு கிராம் வந்தாம்மா," என்று காலையில் சொன்னார். "மெஷின் பக்கம் எட்டிப் பாத்தான். பை எடுத்தாரலைன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்."

ஒரு நாள் காபி இல்லாததற்கே இந்தக் கோலமா என்று அவளுக்கு மனசு பதறியது. அவசரமாகக் கொட்டையை மெஷினில் போட்டாள். வாசனை எழும்பியதுமே அவன் முகம் தெளிந்தது. பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கியபோது புது மனுஷனாக நிமிர்ந்து நின்றான்.

"இன்னா சார், ஒரு நாள் இல்லாங்காட்டி இப்டி ஆயிட்ட?"

"இங்க வந்துட்டுப் போனாத்தாங்க எனக்கு நாளே ஆரம்பிக்குது," என்று சொல்லிவிட்டு, படியைத் தாவி இறங்கிப் போனான்.

வாசனைக்கே இப்படி என்றால் முற்றிப்போன கேஸ்தான் என்று அவள் முடிவு செய்தாள். வீட்டுக்குப் போனதும், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஷாகிரா அக்காவிடம் விசாரித்தாள். அளவு மீறிக் காபி குடித்தால் தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்றாள் ஷாகிரா. திடீரென்று நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

பொட்டலம் வாங்கும்போது கதிரேசனின் கை நடுங்குவதை அன்புச்செல்வி எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. கல்லாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கதிரேசனின் பொட்டலத்தில் மட்டும் காபியைக் குறைத்துச் சிக்கரியைக் கூட்டினாள். கோதண்டபாணி எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்; வாடிக்கையாளர் கேட்ட அளவை மாற்றிக் கலந்தால் மட்டும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். தெரிந்துதான் செய்தாள். போகப் போக, அந்தப் பொட்டலத்தில் இருந்ததைக் காபிப்பொடி என்று சொல்ல வாய் கூசும் நிலை வந்தது.

அவனோ தினமும் வந்து, "நேத்துப் பொடி பிரமாதங்க," என்றான். பாவம், குடித்துக் குடித்து நாக்கே செத்துவிட்டது என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. ஆனால் ஆள் என்னவோ தெம்பாகத்தான் வந்து போனான். வைத்தியம் பலிக்கிறது என்ற பூரிப்பில் அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வீடு போனாள்.

ஒரு திங்கட்கிழமை அவன் வந்து, எதுவும் கேட்காமல் நின்றான். ஆபீஸைக் கிண்டிக்கு மாற்றுகிறார்களாம். அறையையும் அங்கேயே பார்த்தாயிற்றாம். நாளையிலிருந்து இந்தப் பக்கம் வர முடியாது என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் காலியானதுபோல் இருந்தது. கிண்டியில் எவனாவது அசல் பொடியை அரைத்துக் கொடுப்பான். இவன் பழையபடி குடித்துச் சாவான். அதற்காக மட்டும்தானா இந்தத் தவிப்பு என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. கல்லாவுக்குக் கேட்கக் கூடாதென்று ஒரு படி கொட்டையை மெஷினில் கொட்டி ஓடவிட்டு, அவன் காதருகே குனிந்து கத்தினாள்.

"தப்பா எடுத்துக்காத சார். நீ இத்தினி நாளா குடிக்கிறது காபியே இல்ல, முக்காவாசி சிக்கரி. நான்தான் கலந்தேன். அங்க போயி நெஜப் பொடிய வாங்கி இம்மாம் குடிச்சீன்னா நெஞ்சு தாங்காது."

கதிரேசன் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"சிரிக்காத. வேலை போனாலும் போவட்டும், நீ நல்லாருந்தா போதும்னுதான் செஞ்சேன்."

அவன் சிரிப்பு நின்றது. கதிரேசனின் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துவதற்காக மூச்சை இழுத்துப் பிடித்து வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மெஷின் நின்ற அமைதியில், கல்லாவில் இருந்த கோதண்டபாணிக்கும், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவன் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"எனக்குக் காபிப் பழக்கமே கிடையாதுங்க."