பத்து நாற்பது

"கதவ விட்டு நகருக்கா. பத்து நாப்பதுக்கு எனக்கு ஸ்டார்ட்."

அக்கா நகரவில்லை. கதவில் முதுகைக் கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பூட்டே தேவைப்படாத கதவு அது. மூன்று பிள்ளை பெற்ற அக்காவைத் தள்ளிவிட்டுப் போகும் திராணி தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. இரும்புக் கட்டில், மருந்து வாடை, மணிக்கட்டில் பெயர் எழுதிய காகித வளையம். சைக்கிளை அக்கு அக்காகக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்து, இரண்டு விமானம் மாறி, கடல் தாண்டி வந்தது இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கிடக்கவா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று ஒத்திகையின்போது மூன்றாவது இறக்கத்தில் ஒரு மரவேர் முன்சக்கரத்தை வாரிவிட்டது. விழுந்தாள், எழுந்தாள், மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓட்டினாள். மலைச் சைக்கிள்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

"ஒரு சிராய்ப்புக்காக என்னைப் புடிச்சு அடைச்சு வெச்சிருக்கீங்களே, மனசாட்சி இருக்கா?"

"தலையில அடிபட்டிருக்குடி வாலு. கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டருக்கு எண்டூரோ ரேஸ் பத்தி என்ன தெரியும்? அவர விடு, உனக்குத்தான் என்ன தெரியும்?"

"ஏன் தெரியாது? மலை ஏறுற நேரம் கணக்குல வராது. எறங்கும்போதுதான் கடிகாரம் ஓடும். மொத்தம் ஆறு எறக்கம். ஆறையும் கூட்டி யாருக்குக் கொறைச்சல் நேரமோ அவங்கதான் முதல். ஆளுக்கொரு ஸ்டார்ட் நேரம். அந்த நிமிஷத்துக்கு ஆள் நிக்கலன்னா பேரையே அடிச்சிடுவாங்க. போதுமா?"

தங்கை அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். போன வாரம் வரைக்கும் டிஸ்க் பிரேக்கை 'அந்தச் சின்னத் தட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இவள். எப்போது இத்தனையும் மனப்பாடம் செய்தாள்? யோசிக்க நேரமில்லை. மணி பத்து இருபத்தைந்து.

"எல்லாம் தெரிஞ்சும் மலை மாதிரி நிக்கிறியே! எட்டு வருஷம்க்கா. கழுத்தெலும்ப ரெண்டு தடவ ஒடச்சுக்கிட்டேன். வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பி அம்மாகிட்ட எவ்வளவு பேச்சு வாங்கினேன்னு உனக்கே தெரியும். எல்லாம் இந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்காகத்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. அதுவே தங்கைக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சட்டென்று திரும்பி ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டாவது மாடி. எதிரே மலை. பாதையின் இரண்டு பக்கமும் எல்லை காட்டும் மஞ்சள் நாடா மேலிருந்து வளைந்து வளைந்து இறங்கியது. அடிவாரத்தில் இரண்டு பேர் அந்த நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அங்க பாருக்கா! இன்னும் நாடாவே கட்டி முடிக்கல. ஸ்டார்ட்ட கொஞ்சம் தள்ளி வெச்சிருப்பாங்க. இப்ப ஓடினாக்கூட புடிச்சிடலாம்!"

ஜன்னலை இழுத்தாள். நாலு விரல் அகலத்துக்கு மேல் அது திறக்க மறுத்தது. கையை விட்டாள், தோளை நுழைக்கப் பார்த்தாள். அக்கா பதறிப்போய்க் கதவை விட்டு வருவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் தட்டினாள். அக்கா ஒதுங்கி வழிவிட்ட அந்த ஒரு நொடியில் தங்கை இடுக்கில் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்திலேயே அக்காவின் கை இடுப்பை வளைத்துத் தூக்கிக் கட்டிலில் போட்டது.

நர்ஸ் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் பாஷையில் என்னவோ கேட்டாள், அக்கா உதட்டைப் பிதுக்கினாள். போகும்போது நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அடுத்தவள் வயிற்றெரிச்சலில் இவளுக்கு என்ன குஷி என்று தங்கை பல்லைக் கடித்தாள்.

கெஞ்சினாள். திட்டினாள். அம்மாமேல் சத்தியம் செய்தாள். ஒரே ஒரு இறக்கம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவதாக அக்காவின் காலைத் தொட்டாள். கதவும் அக்காவும் ஒன்றாகவே நின்றார்கள்.

பெரிய முள் எட்டைத் தொட்டது. பத்து நாற்பது.

இந்த நிமிஷம் அங்கே அவளுடைய எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள். மறுபடி ஒருமுறை கூப்பிட்டிருப்பார்கள். அப்புறம் பேனாவால் ஒரு கோடு. அவ்வளவுதான். அவள் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து, குழந்தைபோல ஏங்கி ஏங்கி அழுதாள்.

"போச்சுக்கா. இனிமே ஜென்மத்துக்கும் எனக்கு இப்படி ஒரு நாள் வராது."

அக்கா அப்போதுதான் கதவை விட்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தங்கையைத் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உட்கார்ந்துட்டல்ல, இப்ப சொல்றேன். நின்னுக்கிட்டுக் கேட்டா குதிச்சுத் தொலைப்பே."

"என்ன சொல்லப் போறே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னா?"

"இன்னிக்கு திங்கக்கிழமை. நேத்து ஆறாவது எறக்கத்துல முடிவுக் கோட்டத் தாண்டினதும்தான் தலைகுப்புற விழுந்தே. அதுலேர்ந்து எதுவும் உனக்கு மனசுல நிக்க மாட்டேங்குது."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி அந்த மஞ்சள் நாடாவைப் பார்த்தாள்.

"நீதான் முதல்னு இதோட பதினோரு தடவ சொல்லிட்டேண்டி."